டபுள் கேபின் பிக்கப் வண்டியைச் சோதித்து வாங்கும் முறை

சில வருஷங்களாக நிலமுடைய குடியானவர்களிடத்தில் ஒருவகை மோட்டார் வண்டியின்மேல் விருப்பம் மிகுந்து வருகிறது. முன்புறம் காரைப்போல் நான்கு கதவுகளும், ஐந்து பேர் அமரத்தக்க இரண்டு வரிசை ஆசனங்களும், பின்புறம் சிறு லாரியைப்போல் திறந்த பாரத்தட்டும் உடைய இவ்வண்டியை டபுள் கேபின் பிக்கப் என்று வழங்குகிறார்கள். வீட்டாரைக் கலியாணத்திற்கு அழைத்துச் செல்லவும், உரமூட்டைகளையும் காய்கறிக் கூடைகளையும் ஏற்றிவரவும், மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் போய்வரவும் ஒரே வண்டி போதும் என்பது வாங்குவோர் எண்ணம். எண்ணம் தவறன்று. ஆனால் இவற்றுள் நான்கு சக்கரங்களும் இழுக்கும் உயர்ந்த வகைகள் 25 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையாகின்றன. அத்தொகைக்கு ஒரு நல்ல டிராக்டரை அதற்குரிய கலப்பைகளோடும் டிரெய்லரோடும் வாங்கி மீதமும் வைக்கலாம். கடன்பட்டு வாங்குகிறவர்களே பெரும்பாலோர் ஆகையால், இவ்வண்டியைச் சோதித்து அறியும் விதத்தை ஒருவாறு தெரிந்துகொள்வது நலம்.

ஒரே வண்டியில் ஆளும் பாரமும் ஏறவேண்டும் என்ற ஆசை குடியானவர் வீட்டில் பிறந்ததுதான். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்துக் குடியானவர் ஒருவரின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஏற்ற வண்டி ஒன்று வேண்டுமென்று போர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினார் என்றும், அதைக் கண்டு லூயிஸ் பேண்ட் என்ற இளம் வரைபடக்காரர் புதுவண்டி ஒன்றை வகுத்தார் என்றும் அந்நாட்டில் சொல்லுகிறார்கள். அவ்வண்டி 1934-ஆம் வருஷம் ஜீலாங் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அதில் ஒரே வரிசை ஆசனந்தான் உண்டு. பின்வரிசையும் பின்கதவுகளும் சேர்ந்தது பல வருஷங்கள் கழித்தே. இரண்டாம் வரிசை சேர்ந்தபோது கூடவே ஒரு குறையும் சேர்ந்தது. அக்குறையை அறியாமல் வாங்குகிறவர்களே பின்னால் வருந்துகிறார்கள்.

நம் நாட்டில் விற்பனைக்கு வந்துள்ளவற்றுள் மூன்றை மட்டும் இங்கே குறிப்பிட்டால் போதும். இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், தமிழ்நாட்டு எல்லையை அடுத்த ஸ்ரீசிட்டியில் 2016 முதல் செய்யப்படுகிறது. டயோட்டா ஹைலக்ஸ் 2022-இல் இந்தியாவுக்கு வந்தது. இவை இரண்டும் ஏறத்தாழ 5.3 மீட்டர் நீளமும் நான்கு சக்கர இழுப்பும் உடையவை. மகீந்திரா பொலிரோ கேம்பர் என்பது விலையில் அவற்றில் பாதிக்கும் குறைந்தது, அலங்காரம் இல்லாதது, 1,000 கிலோ பாரம் ஏற்றுவதற்கென்று விற்கப்படுவது. கேம்பரின் எஞ்சின் 75 குதிரைத்திறன். ஹைலக்ஸ் எஞ்சின் 204 குதிரைத்திறன். இவ்விரண்டு எண்களையும் பார்த்தமட்டில் ஒன்று மூன்று பங்கு வேலை செய்யுமென்று நினைப்பது இயல்பு. களத்துமேட்டில் அவ்விதம் நடப்பதில்லை என்பது பின்னால் விளங்கும்.

வண்டி வாங்கப் போகிறவர்களுக்குக் கடைக்காரர் சோதனைக்கென்று ஒரு வண்டியைக் கொடுப்பது வழக்கம். அது கழுவித் துடைத்து, டயரில் காற்று சரியாக நிரப்பி, பாரத்தட்டு வெறுமையாக நிற்கும். நான்கு வழிச்சாலையில் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டுத் திரும்பினால் எல்லா வண்டியும் நல்ல வண்டியாகவே தோன்றும். மாட்டுத்தாவணிக்குப் போகிறவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார். அதோடு விடாமல் நுகத்தில் பூட்டிப் பாரம் இழுக்கவைத்துப் பார்ப்பார். முப்பதாயிரம் ரூபாய் மாட்டுக்குச் செய்கிற பரீக்ஷையை முப்பது லட்சம் ரூபாய் வண்டிக்குச் செய்யாமல் விடுவது ஆச்சரியமே. சொந்தப் பாரத்தை ஏற்றி, சொந்த ஜனங்களை உட்காரவைத்து, சொந்த ஊர்ப் பாதையில் ஓட்டினாலொழிய ஒரு பிக்கப்பைப்பற்றி ஒன்றும் அறிய முடியாது. கடைக்காரர் பாரம் ஏற்ற இசையாவிட்டால், அதே வகை வண்டியை முன்னரே வாங்கியிருப்பவர் ஒருவரைக் கண்டு, ஒருநாள் எரிபொருள் செலவையும் டிரைவர் கூலியையும் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். அச்செலவு வீண்போகாது.

முதற்சோதனைக்கு எஞ்சினை முடுக்கவே வேண்டியதில்லை. வண்டியின் பதிவுப் புஸ்தகத்தில் இரண்டு எடைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றொன்று ஆளும் பாரமும் உட்பட அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் கிடைப்பதே அவ்வண்டி தாங்கும் எடை. இதில் ஆட்களின் எடையும் அடங்கும் என்பதை அநேகர் மறந்துவிடுகிறார்கள். ஒரு வண்டியின் வெறும் எடை 2,000 கிலோ, மொத்த எடை 2,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 700 கிலோ. தலைக்கு 65 கிலோவாக ஐந்து பேர் ஏறினால் 325 கிலோ போய்விடும். கயிறு, தார்ப்பாய், மண்வெட்டி, தண்ணீர்க்குடம் முதலியவை 40 கிலோ. ஆக எஞ்சுவது 335 கிலோ. அதாவது 50 கிலோ உரமூட்டைகள் ஆறே. இதே கணக்கை ஒற்றைக் கேபின் பிக்கப்புக்குப் போட்டால் அது 1,300 கிலோவும் அதற்கு மேலும் தாங்கும். விலையும் மிகக் குறைவு. வருஷத்தில் முக்கால் பங்கு நாள் பாரமே ஏற்ற வேண்டியவர்களுக்கு இக்கணக்கு ஒன்றே போதும்; அவர்கள் மேற்கொண்டு சோதிக்க வேண்டிய அவசியம் இராது.

இனி முன்னே கூறிய குறையைப் பார்ப்போம். மாட்டுவண்டி ஓட்டுகிறவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்பவை நன்றாகத் தெரியும். அச்சுக்கு முன்னே பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பிக் கழுத்துக்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஆதலால் மூட்டைகளை அச்சின்மேல் சமமாக வைத்து அடுக்குவார்கள். பிக்கப்பிலும் இதே விஷயந்தான். ஒற்றைக் கேபின் வண்டியில் பாரத்தட்டு நீளமாக இருப்பதால் அதன் முற்பகுதி பின்னச்சுக்கு நன்றாக முன்னே அமைந்திருக்கும். இரண்டாம் வரிசை ஆசனம் வந்ததும் அவ்விடம் பறிபோய், தட்டின் நீளம் சுமார் 1½ மீட்டராகக் குறுகி, அதில் பெரும்பாகம் பின்னச்சின் மேலும் அதற்குப் பின்னும் போய்விடுகிறது.

முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 3 மீட்டர் தூரமுள்ள வண்டியில், பின்னச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 400 கிலோ பாரத்தை வைத்தால், பின்னச்சின்மேல் ஏறுவது 400 கிலோ அன்று, 533 கிலோ. மிகையான 133 கிலோ முன்னச்சிலிருந்து தூக்கப்பட்டு வந்தது. முன் சக்கரங்களே வண்டியைத் திருப்புகிறவை. பிரேக் போடும்போது அதிகம் வேலை செய்கிறவையும் அவையே. அவை இலேசானால் ஸ்டியரிங் கையில் மிருதுவாக இருக்கும். ஓட்டுகிறவர் அதைச் சுகம் என்று நினைப்பார். வளைவில் திருப்பும்போதுதான் வண்டி சொன்னபடி கேளாமல் நேரே போகிறதென்று தெரியும். இரவில் முன்விளக்குகளின் ஒளி தரையில் விழாமல் எதிரே வருகிறவர் கண்ணில் விழுவதும் இதே காரணத்தால்தான்.

இதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. சர்க்கரை ஆலை, அரிசி ஆலை, பஞ்சாலை இவற்றின் பக்கத்தில் லாரிகளை நிறுக்கும் எடைமேடை இருக்கும். வெறும் வண்டியின் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு நிறுவை, முழுவண்டியையும் ஏற்றி ஒரு நிறுவை எடுத்துக்கொள்க. பிறகு வழக்கமான பாரத்தையும் ஆட்களையும் ஏற்றி அவ்விரண்டு நிறுவைகளையும் மீண்டும் எடுக்க. முழு எடையிலிருந்து முன்னச்சின் எடையைக் கழித்தால் பின்னச்சின் எடை கிடைக்கும். பின்னச்சு தாங்கும் உச்ச எடை வண்டியோடு வரும் புஸ்தகத்தில் கண்டிருக்கும். பாரம் ஏறியபின் முன்னச்சின் எடை வெறும் வண்டியில் இருந்ததைவிடக் குறைந்திருக்குமானால், மூட்டைகளைக் கேபினை ஒட்டி முன்னே தள்ளி அடுக்கிப் பார்க்க வேண்டும். அப்படியும் குறைந்தால் அந்தப் பாரம் அந்த வண்டிக்கு உரியதன்று. நான்கு நிறுவைகளுக்கு ஆகும் கூலி சில நூறு ரூபாய்க்கு மேற்போகாது.

காவிரிக்கரையில் வாழை பயிரிடும் ஒருவர் இப்படி நிறுத்துப் பாராமல் வண்டி வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வெட்டில் தார்களைத் தட்டு நிரம்ப அடுக்கி, இடம் போதாமல் பின்கதவைத் தாழ்த்தி அதன்மேலும் இரண்டு வரிசை வைக்கிறார். கேபினில் வீட்டார் ஐவர். வெட்டுக்கு வந்த ஆட்கள் இருவர் தார்களின்மேல். வாய்க்கால் கரைப்பாதையில் மாலை மங்கும் வேளையில் எதிரே ஒரு சைக்கிள் வருகிறது. அவர் ஒதுக்கித் திருப்புகிறார். வண்டி திரும்பாமல் கரையை விட்டு இறங்குகிறது. கேபினில் உள்ளவர்கள் இடுப்புவாரினால் தப்பலாம். தார்களின்மேல் இருந்தவர்கள் தப்புவது தெய்வாதீனம். இதில் எஞ்சினின் குற்றம் ஒன்றுமில்லை. வண்டியின் குற்றமும் சொற்பமே.

எடை சரியென்று கண்டபின் பாரத்துடனே சாலைச் சோதனையைத் தொடங்கலாம். பாரத்தைக் கயிற்றால் நன்றாகக் கட்டியிருக்க வேண்டும். பின்சக்கர டயர்களில் பாரத்துக்குரிய காற்று இருக்கிறதா என்பதை டிரைவர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்க. வெறும் வண்டிக்கும் பாரவண்டிக்கும் அதில் வெவ்வேறு அளவு காட்டியிருக்கும். பின்னால் எவரும் வராத நேரான சாலையில், ஓரத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அக்கல்லுக்கு நேராகப் பிரேக்கை அழுத்தி நிறுத்தித் தூரத்தை அடியால் அளக்க. பிறகு 60 கிலோமீட்டர் வேகத்தில் அளக்க. வேகம் ஒன்றரை மடங்கானால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் இரண்டேகால் மடங்காகும். இது எந்த வண்டிக்கும் பொதுவான நியதி. கவனிக்க வேண்டியது, வண்டி ஒருபக்கம் இழுக்கிறதா, பின்புறம் அலைகிறதா, மூன்றாந்தடவை அழுத்தும்போது பெடல் முன்னிலும் ஆழமாக இறங்குகிறதா என்பவையே. இவற்றுள் ஒன்று இருந்தாலும் அவ்வண்டியை மேற்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

மலையடிவாரத்தில் உள்ளவர்கள் மலையில் ஏற்றிப் பார்க்கலாம். ஏறுவதைவிட இறங்குவதே சோதனை. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் இருக்கின்றன. அத்தகைய இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாரவண்டியின் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்பது பழைய லாரி டிரைவர்களின் வழக்கம், நல்ல வழக்கம். அவ்விதம் இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் போதுமான அளவு பிடித்து நிறுத்துகிறதா, பிரேக்கை எத்தனை தடவை நாட வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வண்டியின் தன்மை தெளிவாகும். ஆட்டோமாட்டிக் கியர் உள்ள வண்டியில் கியரைக் கையால் தாழ்த்தி நிறுத்திவைக்க முடிகிறதா என்பதையும் பார்க்க.

அதன்பின் பாரத்தை இறக்கிவிட்டு அதே பாதையில் திரும்புக. பிக்கப்பின் பின்புறம் பாரம் தாங்குவதற்காகப் பட்டைவில்களால் அமைந்தது. பாரம் இல்லாதபோது அவ்வில்கள் வளைந்து கொடாமல் வண்டியைத் தூக்கிப்போடும். நனைந்த சாலையில் வளைவில் ஒரு குழி வந்தால் வெறும் பின்சக்கரம் பக்கவாட்டில் நழுவுவதுண்டு. ஆகவே பாரத்தோடு அடங்கி ஓடும் வண்டி பாரமின்றித் துள்ளும் என்பதை ஓட்டுகிறவர் தெரிந்திருக்க வேண்டும். அப்போது வீட்டில் வயது முதிர்ந்தவர் யாரோ அவரைப் பின்னாசனத்தில் அமர்த்தி ஒருமணி நேரம் கொண்டுபோய்த் திரும்பினால், விற்பனைக்காரர் ஒருநாளும் சொல்லாத விஷயங்களை அவர் சொல்வார். பின்னாசனத்தின் சாய்வு பல வண்டிகளில் செங்குத்தாக இருக்கிறது. படியும் உயரம். சேலை கட்டிய பெண்கள் பிறர் கைகொடுக்காமல் ஏறி இறங்க முடிகிறதா என்று பார்ப்பது அற்ப விஷயமன்று. வண்டியின் பாதி விலை அந்த இரண்டாம் வரிசைக்காகவே கொடுக்கப்படுகிறது. தெருவில் திருப்பிப் பார்ப்பதும் அவசியம். ஹைலக்ஸ் போன்ற வண்டி முழுவட்டம் திரும்பச் சுமார் 12.8 மீட்டர், அதாவது 42 அடி, அகலம் வேண்டும். நம் கிராமத் தெருக்கள் பலவற்றில் அவ்வளவு இடம் கிடையாது.

இனிக் காட்டுப்பாதை. நான்கு சக்கர இழுப்பு என்பதைப்பற்றி ஜனங்களுக்கு மிகையான நம்பிக்கை இருக்கிறது. அது எவ்விதம் வேலை செய்கிறது என்று அறிந்தால் நம்பிக்கை அளவுக்கு வரும். இவ்வண்டிகள் சாதாரணமாய்ப் பின்சக்கரங்களால் மட்டும் இழுக்கப்படும். ஒரு குமிழைத் திருப்பினால் முன்னச்சும் பின்னச்சோடு பூட்டப்பட்டு இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடவேண்டியவை. சேற்றிலும் மணலிலும் டயர் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாமையால் அச்சும் பல்சக்கரங்களும் முறுக்கேறித் தேயும். சில சமயம் உடையும். ஆகையால் தார்ச்சாலை ஏறியதும் குமிழைத் திருப்பிவிட வேண்டும். இதைச் செய்ய மறக்கிற டிரைவர் கையில் இவ்வண்டியைக் கொடுப்பது நஷ்டம்.

குமிழில் இன்னொரு நிலை உண்டு. அதில் கியர்கள் யாவும் ஏறத்தாழ 2½ மடங்கு தாழ்ந்து, வேகம் குறைந்து, இழுப்பு கூடும். சேற்றிலிருந்து மீளவும், செங்குத்தான கரையில் மெல்ல இறங்கவும் உதவுவது இந்நிலையே. எஞ்சினின் குதிரைத்திறன் அன்று. சேற்றில் டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு எவ்வளவோ அவ்வளவே இழுப்பு கிடைக்கும். 75 குதிரைத்திறன் எஞ்சினும் சேற்றில் சக்கரத்தைச் சுழலடிக்கப் போதுமானது. மீதி 129 குதிரைத்திறனும் சேற்றை வாரி இறைக்கவே பயன்படும். மேலும் ஒரே அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களில் ஒன்று பள்ளத்தில் தொங்கினாலோ வழுக்கினாலோ எஞ்சினின் பலமெல்லாம் அந்த வழுக்கும் சக்கரத்திற்கே போய்விடும். தரையில் நிற்கும் சக்கரம் சும்மா இருக்கும். இரண்டையும் பிணைக்கும் பூட்டு சில வண்டிகளின் பின்னச்சில் அமைந்திருக்கிறது. ஹைலக்ஸில் அது உண்டு. வாங்கப்போகும் வண்டியில் இப்பூட்டு இருக்கிறதா என்று கேட்பது குதிரைத்திறனைக் கேட்பதைவிடப் பிரயோஜனமானது.

சோதனைக்கு அவரவர் ஊர் மண்ணே உரியது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் ஒரு மழை பெய்துவிட்டால், அம்மண் டயரின் பள்ளங்களில் அப்பி நிரம்பி டயரை வழுவழுப்பான உருளையாக்கிவிடும். அதன்பின் நான்கு சக்கரம் இழுத்தும் பயனில்லை. பள்ளங்கள் அகன்று, மண்ணைத் தானே உதறும் டயர் வேண்டும். அத்தகைய டயர் தார்ச்சாலையில் இரைச்சலிடும். நனைந்த சாலையில் பிடிப்பும் குறைவு. இரண்டுக்கும் ஏற்ற டயர் என்று விற்பவை இரண்டிலும் நடுத்தரமே. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிமணலில் விஷயம் வேறு. அங்கே டயரின் காற்றைப் பாதியளவு, சுமார் 18 பவுண்டுக்கு இறக்கினால் டயர் பரந்து மணலின்மேல் மிதந்தாற்போல் ஓடும். வேகமாகப் போகாமலும் சடுதியில் திருப்பாமலும் இருக்கவேண்டும். சாலைக்கு வந்ததும் காற்றை நிரப்பவேண்டும். ஆதலால் வண்டியோடு ஒரு சிறு காற்றுப்பம்பு வைத்திருப்பது அவசியம். காற்றிறக்கிய டயரோடு பாரம் ஏற்றிச் சாலையில் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும்.

வரப்புகளைக் கடப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. இவ்வண்டிகளின் அடிவயிறு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே இருக்கிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே தூரமோ அதிகம். ஒரு முழ உயரமுள்ள கூர்மையான வரப்பின்மேல் முன்சக்கரம் ஏறி இறங்கியபின் வண்டி நடுவயிற்றில் தொங்கிவிடும். குட்டையான ஜீப் தாண்டிய வரப்பை நீளமான பிக்கப் தாண்டாததற்குக் காரணம் இதுவே. மண்வெட்டியால் இருபுறமும் சரிவு செய்துகொண்டு கடப்பதே முறை. அந்த வரப்பு பக்கத்து நிலக்காரருடையதாயும் இருக்கக்கூடும் என்பதைக் கிராம அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீரைக் கடப்பதைப்பற்றி விளம்பரங்களில் படங்கள் காணலாம். ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 2¼ அடி, ஆழமுள்ள நீரில் செல்லும் என்கிறார்கள். அது அடித்தளம் கெட்டியாய் உள்ள, ஓடாத நீருக்குச் சொன்ன அளவு. தரைப்பாலத்தின்மேல் ஓடும் வெள்ளத்துக்கு அது பொருந்தாது. வண்டியின் அடித்தட்டை எட்டிய நீர் ஒவ்வொரு சாண் உயரத்திற்கும் பல நூறு கிலோ எடையைத் தூக்கிவிடும்; டயருக்குத் தரையின் பிடி போகும்; பக்கத்திலிருந்து தள்ளும் நீரோட்டம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பாலத்தின் நடுவில் தளம் அரித்துப் போயிருந்தால் மேலேயிருந்து தெரியாது. ஐப்பசி கார்த்திகையில் இதனால் உயிர்ச்சேதம் நேராத வருஷம் அரிது. வாய்க்கால் நீரில் இறங்கி வந்த வண்டியின் அச்சு எண்ணெயைச் சற்றே எடுத்துப் பார்க்க. மோர் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்றவேண்டும்.

இவ்வளவும் வண்டியின் திறத்தைப்பற்றியது. நிலத்தின் நலம் வேறு. ஈரநிலத்தில் பாரவண்டி ஒருதரம் போனால் சக்கரத் தடத்தின் கீழ் மண் இறுகிவிடும். மேலே உழுதாலும் அடியில் இறுகியது எளிதில் இளகாது. அடுத்த பயிரில் அத்தடத்தின்மேல் செடிகள் குன்றி நிற்பதைக் காணலாம். ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டினால், உடையாமல் விளக்குத் திரிபோல் மெலிந்து உருளுமாயின் அந்நிலத்தில் வண்டியை இறக்கலாகாது. நான்கு சக்கர இழுப்பு உள்ள வண்டி அந்நிலத்தில் போய்வரும் என்பது உண்மையே. போகலாகாது என்பதும் உண்மை. வண்டிப்பாதையிலேயே நிறுத்தி, மூட்டையைத் தலைச்சுமையாகவோ சிறு வண்டியிலோ அங்கே கொண்டுவந்து ஏற்றுவதே லாபம்.

புகையைப்பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் அமலில் உள்ள சட்டத்திற்கேற்ப டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி அமைந்திருக்கிறது. பிடித்த கரியை வண்டி அவ்வப்போது தானே சூடேற்றி எரித்துக்கொள்ளும். அதற்குச் சாலையில் நிதான வேகத்தில் சிறிதுநேரம் தொடர்ந்து ஓடவேண்டும். வீட்டுக்கும் தோட்டத்துக்குமாக மூன்று கிலோமீட்டர் தூரமே நாள்தோறும் ஓடும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். அதைப் புதுப்பிக்கும் செலவு பெரிது. வாரத்தில் ஒருநாளாவது பெருஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டுவதற்கு வேலை உள்ளவர்களுக்கே இது ஏற்றது. கரி எரியும் சமயத்தில் குழாய் மிகுந்த சூடாயிருக்குமாதலால் வைக்கோல், சருகு இவற்றின்மேல் வண்டியை நிறுத்தலாகாது. கொள்ளும் கேழ்வரகும் சாலையில் பரப்பிப் போரடிக்கும் இடங்களில், அத்தாள் சுழலும் தண்டில் சுற்றிக்கொண்டு தீப்பிடிக்கவும் கூடும். தாண்டியபின் நிறுத்திக் குனிந்து பார்ப்பது நன்று.

பாரத்தட்டில் ஆட்களை ஏற்றும் வழக்கத்தைப்பற்றிக் கிராம அதிகாரிகள் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் ஆட்களை இவ்விதம் கொண்டுபோவது எங்கும் காணப்படுகிறது. சரக்கு வண்டியில் இனாமாக ஏறி வந்தவர்களுக்கு நேர்ந்த விபத்துக்கு, சட்டப்படி கட்டாயமான இன்ஷூரன்ஸ் பொறுப்பாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு ஆஷா ராணி வழக்கில் தீர்மானித்தது. அத்தீர்ப்பு 2003-ஆம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுதிகளில் வெளிவந்தது. 1994-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, ஏற்றிய சரக்கின் சொந்தக்காரருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் பாதுகாப்பு உண்டு. இனாமாக ஏறியவர்களுக்கு அது இல்லை. மேலே சொன்ன வாழைத்தார் வண்டி சரக்கு வண்டியாகப் பதிவானதாயின், தார்களின்மேல் இருந்த இருவருக்கும் நஷ்டஈடு நிலக்காரர் கையிலிருந்தே போகவேண்டிவரவும் கூடும். டபுள் கேபின்களில் சிலவற்றைச் சொந்த வண்டியாகவும், சிலவற்றைச் சரக்கு வண்டியாகவும் பதிவு செய்கிறார்கள். எவ்வகையாகப் பதிவாகும், எத்தனை பேர் அமர அனுமதி, வாடகைக்குப் பாரம் ஏற்றலாமா என்பவற்றை முன்பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்கிக்கொள்வது உத்தமம்.

சோதனைக்கு ஏற்ற காலம் ஐப்பசி மழை இரண்டு பெய்தபின்தான். கோடையில் எல்லாத் தோட்டத்துப் பாதையும் நல்ல பாதையாகவே இருக்கும். அப்போது சோதித்து வைத்திருந்தால், மார்கழியில் கடைக்காரர்கள் வருஷம் முடியுமுன் கையிருப்பைத் தீர்க்கவேண்டி விலையைத் தளர்த்தும் சமயமும் ஒத்துவரும். அவ்விதம் தளர்த்தித் தரும் வண்டி எந்த மாதத்தில் செய்யப்பட்டதென்று பார்த்து, நெடுநாள் வெயிலில் நின்ற வண்டியானால் டயர்களையும் பாட்டரியையும் மாற்றித் தரும்படி கேட்கலாம்.